அம்மனுக்குப் போன பதக்கம்

என் அரிசி ஆலையின் கந்தோர் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. எனக்குப் போர்த்திய சால்வைகள், விவசாயிகள் சங்கம் தந்த கேடயம், ஆலை திறந்த அன்று எடுத்த படம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. வருகிறவர்கள் பார்க்கத்தான் கண்ணாடி போட்டேன். மூன்றாம் வகுப்பைக்கூட முடிக்காதவன், மலைநாட்டில் தேயிலைத் தொழிற்சாலை இஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன், எழுபத்தேழு கலவரத்தில் ஒரு சாக்குப் பையோடு லொறியில் வந்து வவுனியாவில் இறங்கியவன், இன்று கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் ஆலை வைத்திருக்கிறான் என்றால் நாலு பேர் பார்க்கத்தான் வேண்டும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த அலுமாரியின் கீழ் இழுப்பு லாச்சியில் ஒரு வெள்ளிச் சிலுவை இருக்கிறது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.

வன்னிக்கு வந்த புதிதில் எனக்கு வேலை தந்தவர் ஊரில் எல்லோரும் பிளேன் ஐயா என்று சொல்கிற ஒருவர். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரனுடைய படையில் சேர்ந்து, ஓராள் மட்டும் இருந்து ஓட்டுகிற சண்டை விமானம் ஓட்டியவர். பர்மாப் பக்கம் பறந்தாராம். யுத்தம் முடிந்து வந்து, இரணைமடு வாய்க்கால் தண்ணீரை நம்பிக் காடு வெட்டி வயலாக்கி, மனைவியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. நான் போய்க் கேற்றடியில் நின்றபோது அவருடைய உழவு மிசின் இரண்டு நாளாக ஓடாமல் கிடந்தது. யாரும் கேட்காமலே கிட்டப் போய், காதை வைத்துக் கேட்டு, எங்கே காற்று ஒழுகுகிறது என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இஞ்சினைக் கேக்கத் தெரிஞ்சவன் எண்டால் நில்" என்றார்.

அதோடு நின்றுவிட்டேன். எனக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது. ஆனாலும் அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் ஐயா என்பேன். அவருடைய மனைவியை அம்மா என்பேன். மிசின், தண்ணீர் இறைக்கும் பம்ப், சூடடிக்கிற மெசின் என்று அந்தக் கமத்தில் ஓடுகிற இரும்பெல்லாம் ஒரு வருடத்தில் என் கைக்குள் வந்துவிட்டது. யோசிக்க வேண்டியதை மட்டும் அவர் யோசிப்பார், செய்ய வேண்டியதை நான் யாரையும் கேட்காமல் செய்வேன். கேட்டுக் கேட்டுச் செய்கிறவன் கடைசிவரை கூலியாள்தான் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையால்தான் நான் ஆளானேன். அந்தக் கொள்கையால்தான் இதை எழுதவும் வேண்டியிருக்கிறது.

ஐயாவுக்கு விமானப் படையில் கிடைத்த பதக்கங்கள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தன. தகரம் அலுமாரியின் மேல்தட்டில், பழைய துணிகளுக்கு அடியில் இருந்தது. அவர் அதை எடுத்ததை நான் கண்டதில்லை. ஊரில் யாராவது யுத்தக் கதை கேட்டால், குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று திருப்பிக் கேட்பார். ஒரு முறை அலுமாரிக்குக் கறையான் பிடித்து, சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தபோது அம்மா அந்தத் தகரத்தைத் திறந்து காட்டினார். பித்தளை நிறத்தில் இரண்டு நட்சத்திரங்கள், ராசாவின் தலை பொறித்த வட்டங்கள், அவற்றோடு ஒரு சிலுவை. நாலு கைக்கும் நடுவில் ஒரு ராச முடியும் இரண்டு சிறகும் ஏதோ இங்கிலீஸ் எழுத்தும். மேலே ஊதாவும் வெள்ளையுமாகச் சரிந்து ஓடுகிற கோடு போட்ட நாடா. கையில் எடுத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் கலப்பு உலோகம், சிலுவை மட்டும் நல்ல வெள்ளி.

"இவரின்ரை பழைய தகரங்கள்" என்று அம்மா சிரித்தார். "என்னைக் கட்டேக்கையே இது இருந்தது. என்ன ஏதெண்டு ஒரு நாளும் வாய் திறக்கேல்லை."

அடுத்த வருடம் ஐயாவின் பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் வயல் வரம்பில் ஒரு பக்கம் கால் தவறினார். பிறகு எதிரே வருகிற சைக்கிளைக் கண்டார், பக்கத்தில் வருகிறதைக் காணவில்லை. யாழ்ப்பாணத்துக் கண் டாக்குத்தர், கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பு சாகிறது, போன பார்வை திரும்பாது, மருந்து விட்டால் இருக்கிறதைக் கொஞ்சக் காலம் வைத்திருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். வானத்தில் ஒரு புள்ளியைக் கண்டு இன்ன விமானம் என்று சொன்ன கண்களாம் அவை. ஐயா அதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தார். வைகாசிப் பொங்கலுக்கு வெள்ளியில் இரண்டு கண் செய்து போடுவதாக. தன்னுடைய சின்ன வயதுக் கொலுசை எடுத்து என்னிடம் தந்து, கிளிநொச்சியில் நகை செய்கிற பத்தரிடம் கொடுக்கச் சொன்னார்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு நேரும்போது ஒரு முறை உண்டு. நோய்க்காரருடைய சொந்தப் பொருளாக இருக்க வேண்டும். அவருடைய வேர்வையில் வந்ததாக இருக்க வேண்டும். மற்றவருடைய வெள்ளியைப் போட்டால் கண் மற்றவருக்குத்தான் திறக்கும் என்று என் தாய் சொல்வாள். இதை நான் அம்மாவிடம் சொன்னேன். ஐயா சம்பாதித்த வெள்ளி இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றும் சொன்னேன்.

அம்மா அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். "அவரை ஒருக்காக் கேட்டுப்போட்டு எடுப்பமே" என்றார்.

"அய்யோ அம்மா, அவங்கள கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. நேர்ச்சய சொல்லிட்டு செஞ்சா பலிக்காது. நான் பாத்துக்கிறேன்."

அம்மா கொலுசைத் திரும்ப வாங்கிக்கொண்டு தகரத்தை எடுத்துத் தந்தார். நாடாவை நான் உருவித் தகரத்துக்குள்ளேயே போட்டு மூடினேன். சிலுவையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் ஏறினேன். எனக்கு அன்று பெரிய சந்தோசம். டாக்குத்தரால் முடியாததை நான் செய்யப்போகிறேன் என்ற நினைப்பு.

பத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வருசம் வெட்டியிருந்தது.

"இது வேதக்காரற்றை சாமானெல்லோ. இதை உருக்கி அம்மனுக்கோ?"

வெள்ளிக்கு என்ன சமயம் என்று கேட்டேன்.

"ஆரின்ரை இது? கேட்டுத்தான் கொண்டந்தனீரோ?"

என் கையில் இருக்கிறது, உருக்குங்க என்றேன். தோட்டக்காட்டு மூளை எண்டால் இதுதான் என்று தன்பாட்டில் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அப்படிச் சொன்னவர்கள் பலபேர் இப்போது என் ஆலை வாசலில் நெல் மூட்டையோடு நிற்கிறார்கள், அது வேறு கதை. ஆனால் அன்று அவர் சொன்னது சரி. வெள்ளி உருக்குகிற மூசைக்குள் சிலுவை கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. கைகள் முதலில் வளைந்தன. சிறகு கடைசியாகப் போனது. அரை மணித்தியாலத்தில் இரண்டு கண் தட்டித் தந்தார்.

பொங்கலுக்கு அம்மாவோடு நானும் போனேன். அந்தச் சனத்துக்குள் நெரிபட்டுப் போய், நானே என் கையால் அவற்றைத் தட்டில் போட்டேன். திரும்பி வரும்போது, இனிப் பாருங்க அம்மா, அறுவடைக்கு ஐயா தனியா வயலுக்குப் போவாங்க என்று சொன்னேன்.

ஆனி மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐயா அதை வெயிலில் பிடித்து, ஒவ்வொரு வரியாகக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். வாசித்து முடித்து வெகுநேரம் கதிரையில் இருந்தார். நான் பம்புக்கு வார் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டார். அன்றுதான் அவர் வாயால் யுத்தக் கதை கேட்டேன்.

அவரோடு ஒரு வெள்ளைக்காரப் பெடியன் பறந்தவனாம். ஒரே வயது, ஒரே கூடாரம். ஒரு நாள் எதிரி விமானங்கள் இரண்டு ஐயாவின் பின்னால் விழுந்தபோது, அந்தப் பெடியன் குறுக்கே வந்து அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஐயா திரும்பி வந்து இரண்டையும் விழுத்தினார். அதற்குள் பெடியன் காட்டுக்குள் விழுந்துவிட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"விழுத்தினவன் எண்டு எனக்குக் குருசு குத்தினவங்கள், தம்பி. அண்டைக்கு அது அவன்ரை. நான் வாங்கி வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்."

கடிதம் எழுதியது அந்தப் பெடியனுடைய தங்கை. இத்தனை வருடம் கழித்து, பழைய விமானப் படைக்காரர் சிலரிடம் கேட்டு ஐயாவின் விலாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். தை மாதம் இலங்கைக்கு வருகிறாராம், அண்ணனைக் கடைசியாகக் கண்ட ஆளைத் தானும் ஒருமுறை காண வேண்டுமாம்.

"குடுக்கவேணும் குடுக்கவேணும் எண்டு முப்பது வருசத்துக்கு மேலை. என்னெண்டு எழுதிறது, என்ன சொல்லுறது எண்டு விட்டிட்டன். இப்ப அவாவே வாறா. அவான்ரை கையிலை வைச்சுட்டன் எண்டால் பிறகு எனக்குக் கண் என்னத்துக்கு."

வார் என் கையில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் பிறகு வரவே இல்லை.

குசினிக்குப் போனேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். முகம் வெளுத்திருந்தது.

"உன்னை எடுக்க விட்டது என்ரை பிழையும்தான்" என்றார். "ஆனால் எடுத்தது நீ. சொல்லுறதும் நீதான்."

நான் சொல்லவில்லை. அடுத்த நாள் விடிய பஸ் ஏறி வற்றாப்பளைக்குப் போனேன். கொடுத்ததைத் திருப்பி வாங்கி, அதே வெள்ளியை என்னவாவது செய்யலாம் என்று நினைத்தேன். கோவில் காரியம் பார்க்கிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அம்மனுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளை இப்பதான் காணுறன்."

நான் வந்த விசயத்தைப் பாதி சொல்லிப் பாதி விழுங்கினேன். நல்ல மனிதர். உள்ளே கூட்டிப் போய் ஒரு பித்தளை அண்டாவின் மூடியைத் தூக்கினார். கை, கால், குழந்தை உருவம், பெரும்பாலும் கண்கள். நூற்றுக்கணக்கில் வெள்ளிக் கண்கள்.

"எடும் பாப்பம், உம்மடை எது?"

இருந்து தேடினேன். எல்லாம் ஒரே அச்சு. பாதிக்கு மேல் எங்கள் பத்தரே தட்டியவை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் என்னைப் பார்த்தது. எந்த இஞ்சினில் எந்த ஆணி கழன்றிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் நான். அன்று என் கையால் போட்ட இரண்டு கண்ணை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அவர் மூடியைப் போட்டார்.

அப்படியே பத்தரிடம் போனேன். அதே மாதிரி ஒன்று செய்து தர வேண்டும் என்றேன்.

"உருக்கேக்கை நான் என்ன கேட்டனான்?" என்றார். அதற்குப் பிறகு திட்டவில்லை. பார்த்ததை மறக்காத கண் அவருக்கு. கடதாசியில் கீறிக் காட்டினார், நாலு கை, முடி, சிறகு. நடுவில் இருந்த இங்கிலீஸ் எழுத்து மட்டும் இருவருக்கும் நினைவில்லை. வாசிக்கத் தெரிந்தால்தானே நினைவிருக்கும். அந்த இடத்தில் ஒரு பூ வைத்தார். வெள்ளிக்கு அம்மாவின் கொலுசு போனது. நான் கேட்கவில்லை, அம்மாவே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அங்கால் போனார்.

செய்து வந்ததும் நாடாவை அதில் கோத்துத் தகரத்துக்குள் வைத்தேன். அதற்குள் ஐயாவுக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தது. மருந்து விட்டும் அவ்வளவுதான். கண் தெரியாத மனிதர் என்ன கண்டுபிடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வெள்ளைக்கார அம்மா வருவதற்கு ஒரு கிழமை முன்னால் ஐயா தகரத்தைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் எடுத்து மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தடவினார். இது பர்மா, இது யுத்தம் முடிஞ்சு எல்லாருக்கும் குடுத்தது என்று பெயர் சொல்லிச் சொல்லி வைத்தார். சிலுவையை எடுத்தார். பெருவிரல் சிறகின் மேல் போய் நின்றது. ஒரு தரம் சுற்றி வந்தது. இன்னொரு தரம் சுற்றி வந்தது. நடுவில் இருந்த பூவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உள்ளே வைத்து மூடினார்.

"மழை இருட்டுது போல. மேல் வாய்க்காலைப் பாத்தனியோ?" என்றார்.

பார்த்தேன் ஐயா என்று சொன்னேன். வெளியே வந்து பெருமூச்சு விட்டேன். பத்தருடைய கைவேலையை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதன் பிறகு அந்தக் கிழமை முழுவதும் ஐயா என்னை அடிக்கடி கூப்பிட்டார். கூப்பிட்டு, ஒன்றுமில்லாத ஏதாவது கேட்பார். மிசினுக்கு எண்ணெய் இருக்கோ, பசுவுக்குத் தவிடு இருக்கோ. கேட்டுவிட்டு, வேறென்ன தம்பி என்பார். வேறொன்னுமில்லீங்க ஐயா என்பேன். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில்.

வெள்ளைக்கார அம்மா ரயிலில் கிளிநொச்சிக்கு வந்து இறங்கினார். நான் கார் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தேன். மெலிந்த மனுசி, தலையில் தொப்பி, கையில் ஒரு துணிப்பை. விறாந்தையில் கதிரை போட்டிருந்தோம். ஐயா வெள்ளைச் சட்டை போட்டு நேராக நின்றார். அந்த மாதிரி அவர் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த அம்மா இளநீர் குடித்தார், வாழைப்பழத்தைக் கையில் வைத்தபடியே இருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு படம் எடுத்தார். ஒரு விமானத்தின் முன்னால் இரண்டு இளந்தாரிகள். ஐயாவின் விரலைப் பிடித்து, ஒரு முகத்தின் மேல் வைத்தார். எங்கள் அம்மா எட்டிப் பார்த்து, நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள் என்று ஐயாவுக்குச் சொன்னார்.

பிறகு ஐயா தகரத்தைத் திறந்தார். அவர் தகரத்துக்குள் கை விட்டுச் சிலுவையைப் பிடித்தார். கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. தகர மூடியின் மறைவிலேயே நகத்தால் வளையத்தை விலக்கி, ஊதா நாடாவை மெல்ல மெல்ல உருவினார். நாடாவை மட்டும் அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை மடக்கிவிட்டார். வெள்ளியைத் தன் மற்றக் கைக்குள் மூடிக்கொண்டார்.

அந்த அம்மா ஏதோ கேட்டார். ஐயா சொன்ன பதிலில் ஒரு சொல் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் கத்தியோ மண்வெட்டியோ காணாமல் போனால் துரை கத்துகிற சொல் அது. தொலைந்துவிட்டது. தன் கையால் தொலைத்துவிட்டதாக அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அந்த அம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. முப்பது வருடம் ஒரு மனிதன் அதைக் கவனமாக வைத்திருக்கவில்லை என்று நினைத்திருப்பார். வேறென்ன நினைக்க முடியும். பிறகு நாடாவைத் தன் கொப்பிக்குள் வைத்து மூடினார்.

எங்கள் அம்மா கதவோரம் நின்று என்னையே பார்த்தார். எனக்கு இங்கிலீஸ் தெரியாதுதான். ஆனால் முன்னால் போய் என் நெஞ்சில் கை வைக்க இங்கிலீஸ் தேவையில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

வெள்ளைக்கார அம்மாவைப் பின்னேர ரயிலுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது ஐயா அதே கதிரையில் இருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டுக் கையை நீட்டினார். வெள்ளியை என்னிடம் தந்தார்.

"இந்தா, இது உன்ரை. உண்மையானதிலை சிறகு நேராக் கிடக்கும். பத்தர் அன்னத்துக்குப் போடுறமாதிரி இறகிறகாப் போட்டிருக்கிறான். நல்ல வேலைகாரன்."

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், நேர்த்தி, கண், அண்டா, எல்லாம்.

"கண்ணுக்கெண்டுதானே செய்தாய். அதுக்கு என்னத்தைக் கோவிக்கிறது" என்றார். "ஒரு கிழமையா நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்கு அவாவுக்கு முன்னாலை எண்டாலும் சொல்லுவாய் எண்டு பாத்தன்."

அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். தொலைந்தது என்று தான் சொன்னது பொய், அது ஒரு காரியத்துக்காகக் கோவிலுக்குப் போனது என்று எழுத வேண்டும். அவன்ரை சாமானை நான் எறிஞ்சுபோட்டன் எண்டு அவா நினைக்கக்கூடாது என்றார். நான் எழுதவேண்டிய கடிதமில்லை, நீ எழுதுவிக்கவேண்டியது என்றார். விலாசத் துண்டை அம்மா தந்தார்.

எழுதுவிப்பதென்றால் இங்கிலீஸ் தெரிந்த ஒருவரிடம் போக வேண்டும். போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது நான் சொந்தமாக ஒரு பழைய மிசின் வாங்கி, ஊரில் தலை நிமிர்த்தத் தொடங்கிய நேரம். தோட்டத்தில் இருந்து வந்தவன் பிளேன் ஐயாவின் பதக்கத்தை உருக்கினான் என்று கிளிநொச்சி முழுக்கச் சிரிக்கும். நெல்லுக்குச் சூடு மிதிப்பு முடியட்டும், ஆலைக்கு அத்திவாரம் போட்டு முடியட்டும் என்று தள்ளினேன். ஐயா இரண்டு தரம் கேட்டார். எழுதக் குடுத்திருக்கேங்க ஐயா என்று இரண்டு தரமும் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை.

எண்பத்து நாலில் நிலைமை மோசமானபோது அம்மாவின் தம்பி வந்து இருவரையும் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போனார். ஐயா எனக்குக் கை தந்தார், கமத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எண்பத்தேழில் அங்கேயே போய்விட்டார். பாதை பூட்டியிருந்தது. செய்தி எனக்கு முப்பத்தோராம் நாளும் கழிந்த பிறகுதான் வந்தது. அதற்கு அடுத்த வருடம் அம்மா.

எண்பத்தொன்பதில் எனக்குச் சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். மேடையில் ஏறி, சாக்குப் பையோடு வந்து இறங்கிய கதையைச் சொன்னேன். சனம் கை தட்டியது. என்னைத் தூக்கிவிட்டவர் பிளேன் ஐயா என்றும் சொன்னேன், அதற்கும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை அலுமாரியில் வைக்கும்போது கீழ் லாச்சியைத் திறந்தேன். அடுத்த நாள் காலையில் ஓய்வுபெற்ற இங்கிலீஸ் வாத்தியார் ஒருவர் வீட்டுக்குப் போய், வாசல் கதிரையில் இருந்து, முதலில் இருந்து கடைசிவரை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கம் எழுதித் தந்தார்.

நாலு மாதம் கழித்து அந்த உறை திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. முகப்பில் யாரோ பேனையால் விலாசத்தை வெட்டி, பக்கத்தில் இங்கிலீஸில் இரண்டு சொல் எழுதியிருந்தார்கள். நான் அதை வாத்தியாரிடம் கொண்டுபோய் வாசிக்கக் கேட்கவில்லை. லாச்சியில், வெள்ளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.